அரை முட்டை

புளியரை சோதனைச் சாவடியில் இந்த மாதம் எனக்கு இரவு முறை.
ஆலப்புழையில் வாத்துகள் சாகின்றன என்று
சென்னையிலிருந்து ஒரு தாள் வந்தது.
கோழி, வாத்து, முட்டை, தீவனம், எச்சம்
எதுவும் மலை இறங்கக் கூடாது.
காலி வண்டியென்றால்
சக்கரத்துக்கு மருந்தடித்து விடலாம்.

இரண்டரை மணிக்கு எஸ் வளைவில் ஒரு வெளிச்சம் திரும்பியது.
சின்ன வேன். ஓட்டி வந்தது பெண்.
தார்ப்பாய்க்குள் எட்டாயிரம் வாத்து முட்டை.
நோயில்லாத பண்ணை என்று மலையாளத்தில் ஒரு சீட்டு.
முடியாதும்மா, திருப்புங்க என்றேன்
முகக்கவசத்துக்குள்ளிருந்து.
இறங்கி வந்தாள். கெஞ்சவில்லை.
தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்தாள்.
துண்டின் மூலையில்
சிவப்பு நூலில் 31.

முப்பத்தொண்ணா, என்று கேட்டுவிட்டேன்.

போர்டிங்கில் துணி வெளுக்கப் போட்ட எண்கள் அவை.
பாவாடையில், தலையணை உறையில், தட்டின் அடியில்.
அப்பா பார்க்க வந்திருந்தாலும்
எண்ணைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள்.

'நீ யாரு?'
'நாப்பத்தாறு.'
'ஏட்டி, முட்டை அறுக்கிறவளா!'

ஆமாம், சனிக்கிழமை மத்தியானம்.
நூலின் ஒரு முனை பல்லில், மறு முனை விரலில்.
அறுபத்து நான்கு பேருக்கு முப்பத்திரண்டு முட்டை.
கத்தியென்றால் மஞ்சள் கரு அப்பிக்கொள்ளும்.
ஜெபம் முடிந்து 'ஆமென்' சொல்லும்போதே
எல்லாக் கண்ணும் பக்கத்துத் தட்டில் இருக்கும்.

அவளிடம் எனக்கெதிராக ஒரு பழைய வழக்கு இருந்தது.
வெள்ளை மிகுந்த பாதியையே அவளுக்குப் போட்டேனாம்,
ஐந்து வருஷமும், சனி தவறாமல்.
இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஃபிளாஸ்க்கிலிருந்து கட்டஞ்சாயா ஊற்றினாள்.
பன்னிரண்டு, பகவதிபுரம் ஸ்டேஷனில் கொடி காட்டுகிறாளாம்,
இங்கிருந்து கூப்பிடு தூரம், எனக்குத் தெரியாது.
படுக்கையை நனைத்து நனைத்து அடிவாங்கிய இருபத்தேழு
இப்போது நீதிபதி. 'ஊர் பேரைச் சொன்னா நம்மளை உள்ள போட்டுருவா.'
எட்டும் ஒன்பதும் சம்பந்திகள்,
ஆகவே பேச்சு வார்த்தை கிடையாது.
ஐம்பத்திரண்டுக்குப் புனலூரில் அழகு நிலையம்,
தமிழே தெரியாது என்று சாதிக்கிறாள்,
பில் எழுதும்போது மட்டும்
ஏழுக்கு இடுப்பில் நம் கணக்கு டீச்சர் போடச் சொன்ன கோடு.
மூன்றுதான் அங்கே வார்டன்.
இப்போது ஆளுக்கு ஒரு முழு முட்டையாம்.
பிள்ளைகள் மஞ்சள் கருவைத் தட்டோரம் ஒதுக்குகிறார்களாம்.

பத்தொன்பது? என்றேன்.
டம்ளரில் மிஞ்சியதை ரோட்டில் கொட்டினாள்.

மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது.
வைக்கோல் லாரி ஒன்று மூச்சிரைத்து மேலே போனது.
'கேமரா ரெண்டு நாளா ஓடலைன்னு கேள்விப்பட்டேன்'
என்றாள், லாரியைப் பார்த்தபடி.
'விடிய முன்னாடி கடையம் போயிருவேன்.'

என் வீட்டுக் கொல்லையில் பதினாறு கோழிகள்.
அதைச் சொல்லியிருக்கலாம். தாளைக் காட்டியிருக்கலாம்.
தலையை மட்டும் ஆட்டினேன்.

'அன்னைக்கும் நீதாண்டி அறுத்தே' என்றாள்.
சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். பாதிச் சிரிப்பு.

வண்டியை மூன்று தடவை முன்னும் பின்னும் இழுத்துத் திருப்பினாள்.
உள்ளே தட்டுகள் லேசாகக் குலுங்கின.
'ஆமா, உம் பேரு என்னட்டி?'
ஜெபக்கனி என்றேன். எஞ்சின் இரைந்தது.
'சரி, நாப்பத்தாறு' என்று கையை வெளியே நீட்டி ஆட்டினாள்.
பகவதிபுரம் பக்கம் கொல்லம் ரயில் ஒரு முறை கூவியது.

பதிவேட்டை எடுத்தேன்.
நேரம் மூன்று பத்து. முட்டை எட்டாயிரம். திருப்பி அனுப்பப்பட்டது.
ஓட்டுநர் பெயர் என்ற கட்டத்தில் பேனா நின்றது.
லைசென்ஸை வாங்கிப் பார்க்கவேயில்லை.

31 என்று எழுதினேன்.
காலையில் டாக்டர் வந்து கேட்பார்.